மீனம்பாக்கம், ஆடி, அதிகாலை

பருத்திச் சேலை. நைலான் கூடாது.
போன் மேசையிலேயே இருக்கட்டும்.
ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும் என்பார் முனாஃப்
ஒவ்வொரு நாளும், நேற்று சொல்லாதவர்போல.
கொட்டகைக்குள் பலூன்
எழுந்து உட்காரப் பார்க்கும் நோயாளியாய்
தரையிலிருந்து முதுகை நிமிர்த்துகிறது.

முழுக்க ஊதுவதில்லை.
ஏன் இத்தனை தொளதொளப்பு என்று
புதிதாய் வருபவர்கள் கேட்பார்கள்.
மேலே போனால் தானே பெருக்கும்,
இடம் விட்டு வை என்பேன்.

இருபத்தேழு டிகிரி. புழுக்கம்.
மூக்குக் கண்ணாடியில் ஆவி.
அழுத்தம் ஆயிரத்து மூன்று.
அதாவது, என் உள்ளங்கைமேல்
ஓர் ஆள் எடைக் காற்று
ஏணியில்லாமல் ஏறி நிற்கிறது.
கை தாழவில்லை.
உள்ளிருந்தும் அதே அளவு ஏதோ
திருப்பித் தள்ளுகிறதாம்.
குரோம்பேட்டை டாக்டர் என் பிரஷரைக் குறிக்கும் சீட்டில்
இதெல்லாம் வராது.

விட்டேன்.
நூலில் ஆடியபடி வெள்ளைப் பெட்டி
ஓடுபாதை விளக்குகளைத் தாண்டிப் போயிற்று.

பிறகு நாற்காலி, திரை, ஆறிய டீ.
ஏழாவது நிமிடம் ஊட்டியின் உயரம். பதினேழு டிகிரி.
வேளச்சேரிக்கு நேர் மேலே
ஓர் ஊட்டி இருக்கிறது,
அங்கே இறங்கி நடந்தவர்தான் யாருமில்லை.

ஐந்நூறு மில்லிபார். மைனஸ் ஐந்து.
காற்றில் பாதி கீழே தங்கிவிட்டது.
இத்தனைக்கும் ஆறு கிலோமீட்டர்கூட ஆகவில்லை,
தாம்பரம் போகும் தூரம்தான்.
மேற்கிலிருந்து கோடை அதைக் கடலுக்குத் தள்ளியபடியே இருக்கிறது,
நீலாங்கரைப் படகுகளுக்கு மேல்.

பன்னிரண்டு. மைனஸ் ஐம்பத்திரண்டு.
இங்கேதான் கொண்டல் குறுக்கே வரும்,
கிழக்கிலிருந்து, அம்மியைப் பறக்கவிடும் வேகத்தில்.
போன பெட்டியைப் பிடித்து ஊருக்கே திருப்பும்.
கீழே ஒரு காற்று, மேலே அதற்கு நேரெதிர்.
ஒரே வானம்தான் என்று சொல்லிக்கொள்கிறோம்.

பதினாறரை. நூறு. மைனஸ் எண்பது.
சென்னைக்குக் குளிர்காலம் இல்லை என்பவர்களிடம்
இந்தத் தாளைக் காட்ட வேண்டும்.
அதற்கு மேலே ஓர் ஒழுங்கின்மை:
ஏற ஏறச் சூடாகும்.
ஓசோன் வெயில் காய்கிறது.

இருபத்தெட்டில் எண்கள் தடுமாறின.
வெடித்துவிட்டது.

எதுவும் அதை அழுத்தவில்லை. அதனால்தான்.
வெளியே பிடித்திருந்த கை
விரல் விரலாய் விலகிப் போக
உள்ளே இருந்தது
இருந்தபடியே பெரிதாகிப் பெரிதாகி,
ரப்பர் கண்ணாடிபோல் மெலிந்து.

மாமியார் படுக்கையில் ஆறு வருடம்.
துணி, குழாய், கஞ்சி, இரவு டியூட்டி.
ஒரு நாளும் அழுததில்லை நான்.
காரியம் முடிந்த அடுத்த வாரம்,
பையில் மருந்து இல்லை, அவசரமில்லை, அழைப்பவர் இல்லை,
திரிசூலம் ஸ்டேஷனில்
சீசன் டிக்கெட் தொலைந்ததென்று
மூன்று மின்ரயில்கள் போகும்வரை அழுதேன்.
பக்கத்தில் பூக்கட்டிய பெண்
புது டிக்கெட் எடுத்துக்கலாம்மா என்றாள்.
எடுத்துக்கலாம்தான்.

எட்டு மணிக்குத் தொலைபேசி.
பெட்டியில் ஒட்டிய எண்ணைப் பார்த்து அழைப்பவர்கள்
முதலில் வெடிகுண்டா என்றுதான் கேட்பார்கள்.
இவர் தசரதன், ஒரகடம் பக்கம் லாரி ஷெட் காவலாளி.
ஷெட் கூரையில் விழுந்து கிடக்கிறதாம்.
ஆபத்தில்லை, எடுக்கலாம் என்றேன்.
மைனஸ் எண்பதைத் தொட்டுவிட்டு வந்தது,
எப்படி இருக்கு என்று
கேட்காமல் இருக்க முடியவில்லை.

தகரத்துல கெடந்துச்சுல்ல மேடம்,
சுடுது.